நளாயினிக்குக் கை கால் தெரியாதாம்

சிவனேஸ்வரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். வடமராட்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் எட்டு வருடம் விலங்கியல் படிப்பித்தவள். சத்தம் போடும் ரீச்சர்மாருக்குப் பயப்படாத பிள்ளைகள் அவளுடைய இறங்கிய குரலுக்கு நடுங்குவார்கள். 1976 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், மெல்பேர்னின் தென்கிழக்குப் பக்கத்தில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினியில் நின்று, மகளின் பள்ளிக்கூடப் பையில் வந்த கடிதத்தை வாசித்து முடித்தபோது, அந்தக் குரல் அடித்தொண்டைக்கே போய்விட்டது.

“உனக்குக் கை கால் தெரியாதாம்,” என்றாள் மகளைப் பார்த்து.

மகள் நளாயினிக்கு ஆறு வயது. பாலர் வகுப்பில் சேர்ந்து மூன்று மாதந்தான். தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட கடிதம் சொன்னது இவ்வளவுதான்: ‘நமது உடல்’ என்ற செய்முறைப் பாடத்தில் நளாயினி மூன்று முறை பங்குகொள்ள மறுத்தாள். கை எங்கே, கால் எங்கே என்று கேட்டபோதும் அசையாமல் நின்றாள். எளிய கட்டளைகளை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் அவளுக்குக் குறைவாக இருக்கிறது. ஆகவே மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கு அவளை மாற்ற யோசித்திருக்கிறார்கள். அது அவளுக்கே நல்லது.

அவளுக்கே நல்லதாம்! மூன்று மாதத்தில் ஒரு பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அளந்து பார்த்து, அட்டையில் எழுதி, கோப்பில் வைத்தும் விட்டார்கள். ஒரு மாட்டை வாங்குகிறவன்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவான்.

“முழங்கை எங்கை? காட்டு.”

நளாயினி காட்டினாள்.

“கணுக்கால்? விலா எலும்பு? கல்லீரல் எந்தப் பக்கம்?”

எல்லாவற்றையும் காட்டினாள். விலங்கியல் ரீச்சரின் மகள், கல்லீரலுக்கு வலப்பக்கம் தொட்டாள். போதாதென்று சிறுநீரகத்துக்காகத் திரும்பியும் நின்றாள். ஒன்றில் அந்த வகுப்பு ரீச்சர் பொய் சொல்லுகிறாள், அல்லது கறுத்தப் பிள்ளையைக் கண்டவுடனேயே முடிவு கட்டிவிட்டாள். இரண்டும் என்றே சிவனேஸ்வரி எடுத்துக்கொண்டாள்.

“இனிமேல் அங்கை போய் மரக்கட்டை மாதிரி நிண்டியெண்டால் தெரியும்!” என்று பிள்ளைக்கும் ஒரு ஏச்சு விழுந்தது. நளாயினி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தாய் கோட்டை மாட்டிக்கொண்டு தெருமுனை ரெலிபோன் கூண்டுக்கு வெளிக்கிட்டுவிட்டாள்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியரின் அறையில் நடந்ததை அவள் பிறகு பல வருடம் சொல்லிச் சொல்லிப் பொருமினாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. சிரித்தார், கதிரையை இழுத்துப் போட்டார். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, உரத்து, காது கேளாதவர்களிடம் பேசுவதுபோலப் பேசினார்.

“வீட்டில்... நீங்கள்... ஆங்கிலம்... பேசுவீர்களா?”

“நான் விலங்கியல் பட்டதாரி. ஆங்கிலத்தில்தான் படித்தேன்,” என்றாள் சிவனேஸ்வரி.

“மிகவும் நல்லது!” என்றார் அவர், சின்னப் பிள்ளை பாட்டுப் பாடிக் காட்டியதுபோல.

அந்தப் பட்டத்துக்கு இந்த நாட்டில் என்ன மதிப்பு என்று கல்வித் திணைக்களத்துக்கு அவள் எழுதிக் கேட்டுப் பதினான்கு மாதம். ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று இரண்டு தரம் பதில் வந்தது. பரிசீலனை முடியும்வரைக்கும் பட்டதாரி ஒரு தொழிற்சாலையில் பட்டாணியைப் பைகளில் அடைத்துக்கொண்டிருந்தாள். அதையும் பொறுத்துக்கொண்டாள். தன்னை மட்டம் தட்டினால் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். பிள்ளையைத் தட்ட விடமாட்டாள்.

“மகளை நான் வீட்டில் வைத்தே படிப்பிக்கிறேன்,” என்றாள்.

“சட்டம் இடம் தராது, அம்மணி.”

சட்டம் இடம் தந்தது. நகரசபை நூலகத்தில் இருந்து அவளே தேடி வாசித்தாள். வீட்டில் ஒழுங்கான, போதிய கல்வி கிடைக்கிறது என்று திணைக்களத்தின் பரிசோதகர் ஒப்புக்கொண்டால் போதும். அதைப் பிரதி எடுத்துக்கொண்டு போய்த் தலைமை ஆசிரியரின் மேசையில் வைத்தாள். அவர் இந்த முறை சாதாரண வேகத்தில் பேசினார். ஓகஸ்ட் மாதம் பரிசோதகர் வருவார். அவர் திருப்தி என்று எழுதினால் நளாயினி வழக்கமான வகுப்புக்கே திரும்பி வரலாம். இல்லையென்று எழுதினால் தனிப் பள்ளிதான், அதற்கு மேல் பேச்சில்லை.

அவளுடைய கணவர் தேவராஜா ஒரு கட்டட நிறுவனத்தில் படவரைஞர். நேர்கோடு போடுகிற மனிதர். சண்டை என்றால் கால் பின்னும்.

“இஞ்சை பாரும், நாங்கள் வந்து இரண்டு வருசமும் ஆகேல்லை. இப்பவே ஹெட்மாஸ்ரரோடை கொழுவிக்கொண்டு நிண்டால் என்னெண்டு இருக்கிறது?”

“உங்கடை பிள்ளையை விசரி எண்டு எழுதியிருக்கிறாங்கள். நீங்கள் இருக்கிறதைப் பற்றிக் கதைக்கிறீங்கள்.”

அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை.

இரண்டு தெரு தள்ளி இருந்த பத்மா திறந்தாள். மதுரைக்காரி, நல்ல மனசு, ஆனால் வெள்ளைக்காரன் அச்சடித்துக் கொடுத்தால் அது வேதம். “ஏங்க, அவங்க டெஸ்ட் பண்ணித்தானே சொல்றாங்க? ஸ்பெஷல் ஸ்கூல்ல பஸ் எல்லாம் ஃப்ரீயாமே. கொஞ்சம் யோசிங்க சிவனேஸ்வரி,” என்றாள். கொண்டுவந்த முறுக்கை வைத்துவிட்டு, தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் அவள் போகும்படியாக அன்று உபசாரம் நடந்தது.

தொழிற்சாலை வேலையைச் சிவனேஸ்வரி விட்டாள். எழுத்து, கணக்கு எல்லாம் நடந்தது; அதில் அவளுக்குக் கவலை இல்லை. உடம்பு தெரியாது என்றுதானே எழுதினார்கள்? உடம்பையே படிப்பிப்பது என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாள். படம் பார்த்துப் பாடமாக்குகிற படிப்பு அல்ல. தொட்டு, கேட்டு, எண்ணி, அளந்து.

இரண்டு புனலையும் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் வெட்டிய ஒரு முழத் துண்டையும் சேர்த்து இதயம் கேட்கும் கருவி செய்தார்கள். தேவராஜா வேலையால் வந்தவுடன், சப்பாத்தைக் கழற்றுமுன் அவருடைய நெஞ்சில் புனல் ஏறும். “அப்பா, எழுபத்தாறு. இப்ப ஓடுங்கோ.” மனிதர் கழுத்துப்பட்டியோடு பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பத்தைச் சுற்றி ஓடுவார். “நூற்றிப் பதினெட்டு!” மணிக்கட்டில் களிமண் உருண்டையை ஒட்டி, அதில் ஒரு நெருப்புக்குச்சியைக் குத்தி வைத்தால், நாடிக்கு நாடி குச்சி ஆடியது. நளாயினி ஒரு நாள் முழுக்க அதைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

கோழிக்கால் எலும்பை வினாகிரியில் ஒரு கிழமை போட்டு வைத்தார்கள். சுண்ணாம்பெல்லாம் கரைந்து எலும்பு கயிறு மாதிரி வளைந்தது. சிறுகுடலின் நீளத்துக்கு இருபது அடிக் கயிறு எடுத்துப் பின்கதவில் கட்டினால் அது வேலியடிக்குப் போய் நின்றது. இவ்வளவும் தன் வயிற்றுக்குள் மடித்து வைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டு நளாயினி அன்று இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

கிரேக்கர் ஒருவரின் இறைச்சிக்கடையில் போய்ச் சிவனேஸ்வரி ஆட்டுச் சுவாசப்பை கேட்டாள், மூச்சுக்குழாயோடு, கிழியாமல்.

“நாய்க்கா?” என்று அவர் கேட்டார்.

“இல்லை, மகளுக்கு.”

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், சுவாசப்பையோடு ஒரு இறாத்தல் நல்ல இறைச்சியையும் சுற்றிக் கொண்டுவந்து, இரக்கத்தோடு கையில் வைத்தார். வீட்டில் மூச்சுக்குழாய்க்குள் சைக்கிள் பம்பை விட்டு அடித்தார்கள். சுருண்டு கிடந்த சதை இளஞ்சிவப்பாக ஊதிப் பெருத்து மேசையை நிரப்பியது. நளாயினி கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். வெள்ளிக்கிழமையில் மட்டும் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வீட்டுக்குள் வராது. அன்றைக்கு நாக்கும் மூக்கும் பாடம்.

இந்தப் பிள்ளையையா மந்தம் என்றார்கள்! படிப்பிக்கப் படிப்பிக்கச் சிவனேஸ்வரிக்குக் கோபம் தணியவில்லை, கூடியது. பிள்ளை ஒவ்வொன்றையும் சரியாகச் சொல்லச் சொல்ல அந்தக் கடிதம் வரி வரியாகக் கண் முன்னால் வந்து நின்றது.

ஓகஸ்ட் மாதம் மூன்றாம் வியாழன், பத்து மணிக்குப் பரிசோதகர் வந்தார். மிஸ்டர் கார்மொடி என்று பெயர். நெட்டையான, நரைத்த மனிதர். மழைக்காலம் ஆனபடியால் வாசலில் நின்று சப்பாத்தை நன்றாகத் துடைத்தார். சிவனேஸ்வரி அதைக் கவனித்தாள். கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மேசையில் எல்லாம் அடுக்கியிருந்தது. நளாயினி அவருக்கு எலும்பை வளைத்துக் காட்டினாள். அவருடைய நெஞ்சிலேயே புனலை வைத்து, அறுபத்தெட்டு என்று எண்ணிச் சொன்னாள். இரத்தம் எங்கே இருந்து எங்கே போகிறது என்று மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள். மிஸ்டர் கார்மொடிக்குத் தேத்தண்ணீர் ஆறியது. “பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கே இது தெரியாது,” என்றார். சிவனேஸ்வரியின் தோள் மூன்று மாதத்தில் முதல் தடவையாகத் தளர்ந்தது.

“இன்னும் ஒன்றுதான்,” என்று அவர் பையைத் திறந்தார். “பள்ளிக்கூடத்தில் அவள் செய்ய மறுத்த செய்முறையை நான் இங்கே செய்து பார்க்க வேண்டும். படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது.”

சுருட்டி வைத்திருந்த ஒரு பெரிய வெள்ளைக் கடதாசியை எடுத்து விறாந்தையின் தரையில் விரித்தார். ஆறடி நீளம். கையில் ஒரு கறுப்புப் பென்சில்.

“நளாயினி, வா, இதில் ஏறிப் படு. உன்னைச் சுற்றி நான் கோடு போடுவேன். பிறகு நீ கை, கால் எல்லாம் எழுதலாம்.”

நளாயினி கடதாசியின் விளிம்புவரை வந்தாள். நின்றாள்.

“வா, ஒரு காலை வை.”

அசையவில்லை.

“கால் எங்கே, நளாயினி? உன் காலைக் காட்டு. அதை இங்கே வை.”

மரக்கட்டை மாதிரி நின்றாள். இதயத்தைப் பற்றி இவ்வளவு நேரம் பேசிய பிள்ளை வாயை இறுக்க மூடிக்கொண்டு, கண் கலங்கி, ஒரு சொல் இல்லாமல் நின்றாள். மிஸ்டர் கார்மொடி பெருமூச்சு விட்டார். பென்சிலை வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

சிவனேஸ்வரி ஒரு அடி முன்னே வைத்தாள். அந்தப் பேனா எழுதினால் எல்லாம் முடிந்தது. இப்படி நின்றுதான் கெடுத்துக்கொண்டாளா? அந்த ரீச்சர் பொய் சொல்லவில்லையா? அறையலாம் என்றுகூட ஒரு கணம் வந்தது.

அவர் எழும்பும்போது அவருடைய சப்பாத்து கடதாசியை இடித்தது. விளிம்பு நகர்ந்து நளாயினியின் கால் பெருவிரலில் பட்டது. பிள்ளை சுடுபட்டதுபோல் காலை இழுத்தாள். உடனே குனிந்து, கடதாசியை விரலால் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.

சிவனேஸ்வரி அந்த விரலையே பார்த்தாள்.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில், தரையில் கிடந்த பேப்பரை நளாயினி மிதித்துக்கொண்டு ஓடினாள். அவளை இழுத்துக் கெண்டைக்காலில் அடித்தது யார்? “சரஸ்வதியை மிதிக்கிறியோ? தொட்டுக் கண்ணிலை ஒத்து!” என்றது யார்? எழுத்து இருக்கிற கடதாசி, இல்லாத கடதாசி என்று அவள் பிரித்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. வடமராட்சியில் அப்படி ஒருவரும் பிரிப்பதும் இல்லை.

“மிஸ்டர் கார்மொடி, எழுதவேண்டாம்.” குரல் இறங்கியிருந்தது. அவர் பேனாவை நிறுத்தினார். “எங்கள் பிள்ளைகள் கடதாசியில் கால் வைக்க மாட்டார்கள். அது கல்வி. எங்களுக்குக் கடவுள். இந்தப் பிள்ளைக்குக் கால் எது என்று நன்றாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் வைக்கவில்லை.”

அவர் கடதாசியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார்.

சிவனேஸ்வரி அந்தக் கடதாசியைத் தரையிலிருந்து எடுத்து, தூசியைத் தட்டி, நான்கு மூலைக்கும் ஒட்டுநாடா போட்டுச் சுவரில் ஒட்டினாள். “நளா, சுவரோடை சாய்ஞ்சு நில்லம்மா. கால் நிலத்திலைதான் இருக்கும்.” நளாயினி உடனே போய்க் கையை அகல விரித்துக்கொண்டு நின்றாள். மிஸ்டர் கார்மொடி முழங்காலில் நின்று கோடு போட்டார். அதன் பிறகு பத்து நிமிடம் அந்தப் பிள்ளையின் கை நிற்கவில்லை. கை, கால், முழங்கால், கணுக்கால், இதயம், கல்லீரல், வயிற்றுக்குள் இருபது அடிக் குடல், எல்லாம் வரைந்து, ஆங்கிலத்தில் பெயரும் எழுதினாள். கல்லீரலுக்கான ஆங்கிலச் சொல்லில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை.

அவர் அங்கேயே நின்று படிவத்தை நிரப்பி, முறைப்படி அவளுக்கு வாசித்துக் காட்டினார். வழக்கமான வகுப்புக்குத் திரும்பலாம். முந்திய பரிந்துரை ரத்து. மிகச் சிறந்த வீட்டுக் கல்வி. ‘கடதாசியைப் பற்றிய பயத்தைத் தாயின் உதவியோடு பிள்ளை வென்றாள்.’

“பயமா?” என்றாள் சிவனேஸ்வரி.

“என்ன?”

“அவள் எதற்கும் பயப்படவில்லை. ஆட்டுச் சுவாசப்பையைக் கையால் தூக்கினவள். அது மரியாதை. அந்தச் சொல்லைப் போடுங்கள்.”

“அம்மணி, இது ஒரு சின்ன விஷயம்...”

“மூன்று மாதத்துக்கு முந்தியும் சின்னச் சின்னச் சொல்லைத்தான் எழுதினார்கள்.”

அவர் சிவந்தார். அந்த வரியை வெட்டினார். மேலே, ‘கடதாசிக்குக் கொடுக்கும் மரியாதையால்தான் பிள்ளை அதில் ஏறவில்லை’ என்று எழுதி, பக்கத்தில் கையொப்பமும் வைத்தார். வாசலில் குடையை விரிக்கும்போது, “இதை நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு அப்போதே சொல்லியிருக்கலாமே,” என்றார்.

“அவர்கள் கேட்டிருக்கலாமே,” என்று கதவைச் சாத்தினாள்.

அன்று பின்னேரம் ஆறு மணிக்குத் தேவராஜா சாப்பிட உட்கார்ந்தார். சோறும் பருப்பும் பரிமாறப்பட்டன, பரிமாறியவள்தான் உட்காரவில்லை. கரண்டியைக் கையில் பிடித்தபடி குசினிக்கும் மேசைக்கும் நடந்தாள். வென்றுவிட்டாள், ஆனால் வென்ற சந்தோஷத்தைத் தேடினால் எங்கும் காணவில்லை, கோபந்தான் புதுசாகக் கிளம்பி வந்தது.

“மூண்டு தரம், இஞ்சேருங்கோ, மூண்டு தரம் அந்தக் கடதாசிக்கு முன்னாலை நிப்பாட்டியிருக்கிறாங்கள். முப்பது பிள்ளையளுக்கு முன்னாலை. ரீச்சர் இருக்கிறா, ஹெட்மாஸ்ரர் இருக்கிறார், அட்டை இருக்குது, படிவம் இருக்குது. ஒருத்தராவது குனிஞ்சு, ஏன் பிள்ளை ஏற மாட்டன் எண்டு நிக்கிறாய் எண்டு ஒரு வார்த்தை கேட்டவையோ? ஒரு வார்த்தை! ஆறு வயசுப் பிள்ளையிட்டைக் கேக்கிறதுக்குக் காசோ செலவு? பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள்! பிள்ளை ஏன் நிக்குது எண்டு பாக்காமல்—”

“இரும், சாப்பிடும். முடிஞ்சுதானே போச்சு,” என்றார் தேவராஜா.

“என்னத்தை முடிஞ்சது? இந்தப் பிள்ளையிட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. ஒருத்தரும்!”

நளாயினி பருப்பைச் சோற்றோடு குழைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தினாள்.

“நீங்களும் கேக்கேல்லை, அம்மா,” என்றாள்.

குறை சொல்லுகிற குரல் அல்ல. எழுபத்தாறு, நூற்றிப் பதினெட்டு என்று எண்ணிச் சொல்லுகிற அதே குரல். சிவனேஸ்வரி மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். மே மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளாகத் தேடிப் பார்த்தாள். முழங்கையைக் கேட்டிருக்கிறாள், கல்லீரலைக் கேட்டிருக்கிறாள். அதை மட்டும் கேட்கவில்லை.

கரண்டியை வைத்துவிட்டு வந்து மகளுக்கு எதிர்க் கதிரையில் இருந்தாள்.

“அப்ப இப்ப கேக்கிறன். அங்கை என்ன நடந்தது?”

“முதல் நாள் மிஸ் என்னைத் தூக்கிக் கடதாசியிலை விட்டவ. நான் குதிச்சிட்டன். பிறகு தொட்டுக் கண்ணிலை ஒத்தினன். எல்லாரும் சிரிச்சவை. அடுத்த நாளும் சிரிச்சவை.” நளாயினி ஒரு வாய் சோற்றை விழுங்கினாள். “அதுக்குப் பிறகு மிஸ் கை எது, கால் எது எண்டு கேட்டவ. எனக்கு அழுகை வந்ததாலை சொல்லேல்லை. வீட்டை வந்து உங்களிட்டைச் சொல்லுவம் எண்டு வந்தனான்.”

“பிறகு?”

“நீங்கள் ஏசினீங்கள்.”